மலை வரைக்கும் அடிக்கும் லைட்

திருவண்ணாமலையில் டார்ச் லைட் விற்கிறவர்கள் எல்லாரும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். லைட்டை எடுத்துக்கொண்டு கடை வாசலுக்கு வருவார்கள். மலையைப் பார்த்து அடிப்பார்கள். "பாருங்க சார், எங்க போய் உழுதுனு பாருங்க" என்பார்கள். மலையடிவாரத்துக்கும் மேலே ஏதோ ஒரு பாறையில் வெள்ளையாக ஒரு பொட்டு தெரியும். வாங்க வந்தவர் வாயைப் பிளப்பார். பொட்டு எவ்வளவு மேலே ஏறுகிறதோ அவ்வளவு நல்ல லைட். இந்த ஊரில் டார்ச்சுக்கு வேறு பரீட்சையே கிடையாது.

"அந்தப் பாறையைப் பார்த்து எனக்கு இன்னாங்க ஆவணும்?" என்று நான் கேட்டேன். அன்றைக்குப் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தேரடித் தெருவில் ஒரு கடை வாசலில் நானும் என் வீட்டுக்காரரும் நின்றிருந்தோம். கடைக்காரர் எனக்குப் பதில் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தார்.

"லைட் எனக்குத்தான்" என்றேன். இரண்டாவது தடவையாகச் சொன்னேன்.

"மேடத்துக்கா? மேடத்துக்குன்னா சின்னதா, பிங்க் கலர்ல ஒண்ணு இருக்கு சார். ஹேண்ட்பேக்ல போட்டுக்கலாம்" என்றார், அப்போதும் என் வீட்டுக்காரரிடமே.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த பிங்க் லைட்டை வாங்கி அவர் வாயிலேயே அடித்துப் பார்த்திருப்பேன். என் வீட்டுக்காரர் மலையில் விழுந்த பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பொட்டு போட்ட லைட்டைத்தான் வாங்கினோம். வாங்கினோம் என்ன, வாங்கினார்.

எனக்கு இருட்டில் கண் தெரியாது. மங்கலாகத் தெரியும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். தெருவிளக்கு இல்லாத இடத்தில் நான் கண்ணைத் திறந்திருப்பதும் மூடியிருப்பதும் ஒன்றுதான். பகலில் நேராக இருப்பது நன்றாகத் தெரியும். கண்ணாடி போட்டுக்கொண்டால் பால் பாக்கெட்டில் அடித்திருக்கும் தேதியைப் படிப்பேன். ஓரங்கள்தான் இல்லை. பக்கத்தில் வந்து நிற்கிற ஆள் வாயைத் திறந்தால்தான் ஆள் நிற்பதே தெரியும். வேலூரில் ஒரு கண் டாக்டர் பார்த்துவிட்டு, இது விழித்திரையில் பிறவியிலேயே இருக்கிற கோளாறு என்றார். முதலில் இரவு போகும், அப்புறம் ஓரம் ஓரமாகச் சுருங்கிக்கொண்டே வரும், கடைசியில் எவ்வளவு மிஞ்சும் என்று சொல்ல முடியாது, மருந்து இல்லை என்றார். அதை அவர் சொன்னபோது எனக்கு வயது முப்பது. இப்போது நாற்பத்தேழு. சுருங்கிக்கொண்டுதான் வருகிறது.

ஊருக்கு இதெல்லாம் புரியாது. ஊருக்கு இது மாலைக்கண். "முருங்கக்கீர சாப்புடும்மா, சரியாப் பூடும்" என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்! ஆட்டு ஈரல் சாப்பிடச் சொன்னவர்கள் அதைவிட ஜாஸ்தி. நான் தின்ற ஈரலுக்கு எனக்குப் பாறைக்குள்ளேகூடக் கண் தெரிந்திருக்க வேண்டும். இது சத்துக் குறைவால் வருவது இல்லை என்று சொன்னால், "எதுக்கும் ஒரு மண்டலம் சாப்புட்டுப் பாரு" என்பார்கள். என் கண்ணைப் பற்றி எனக்குத் தெரிந்ததைவிட அவர்களுக்குத் தெரிந்ததுதான் ஜாஸ்தி.

என் அம்மாவுக்கும் அண்ணனுக்கும் சின்ன வயதிலிருந்தே தெரியும். தெரிந்துதான் பெண் பார்க்க வந்தவர்களை மத்தியானம் வரச் சொன்னார்கள். கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரி ரிசப்ஷன் வேண்டாம் என்றார்கள். மாப்பிள்ளை வீட்டார் அதைச் சிக்கனம் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டார்கள். கல்யாணமாகி நாலாம் நாள் ராத்திரி கரெண்ட் போனது. நான் எழுந்து நடந்து நேராகத் தண்ணீர்க் குடத்தின்மேல் விழுந்தேன். அப்போதுதான் என் வீட்டுக்காரருக்கு விஷயம் தெரிந்தது.

அவர் என்னைத் திருப்பி அனுப்பவில்லை. இருபத்து நாலு வருஷமாக எல்லாரும் இதைத்தான் எனக்குச் சொல்லிக்காட்டுகிறார்கள். தங்கமான மனுஷன் என்பார்கள். உண்மைதான். குடிக்க மாட்டார், அடிக்க மாட்டார். அன்றிலிருந்து பொழுது சாய்ந்தால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். கவனியுங்கள், கையை அல்ல, மணிக்கட்டை. அவர் வேகத்துக்கு நான் நடக்க வேண்டும். அவர் நின்று யாரோடாவது பேசினால் நானும் நிற்க வேண்டும். நான் நின்று யாரோடாவது பேசினால் இழுப்பு வரும். இதைக் குறை என்று சொன்னால் என்னைத் திமிர் பிடித்தவள் என்பார்கள் என்பதால் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

எங்கள் வீடு வேங்கிக்காலுக்குப் பின்னால் புதிதாகப் போட்ட மனைகளில் இருக்கிறது. மெயின் ரோட்டில் என் பால் பூத். வீட்டுப் பத்திரம் அவர் பேரில், வண்டி அவர் பேரில், கேஸ் கனெக்‌ஷன்கூட அவர் பேரில். பூத் மட்டும்தான் என் பேரில் இருக்கிறது. பன்னிரண்டு வருஷமாக நடத்துகிறேன். விடிகாலை நாலே முக்காலுக்குப் பால் வண்டி வரும். நான் நின்றாலும் நிற்காவிட்டாலும் டப்பாக்களை இறக்கி வாசலில் வைத்துவிட்டுப் போய்விடும். வீட்டிலிருந்து பூத்துக்கு என் நடையில் இருபத்தைந்து நிமிஷம். வழியில் விளக்குக் கம்பம் உண்டு, விளக்கு கிடையாது. ரோட்டு ஓரமாகக் குழாய் பதிக்கத் தோண்டின பள்ளம், மூடுவார் இல்லாமல் மழைத் தண்ணீர் குடித்துக்கொண்டு கிடக்கிறது. அதைப் பற்றி மனு கொடுத்துக் கொடுத்து எனக்கு எழுத்து நன்றாக வந்துவிட்டது.

இத்தனை வருஷம் அவர்தான் விடிகாலையில் என்னைப் பூத்தில் கொண்டுபோய் விட்டார். போன ஐப்பசியில் அவருக்குக் காய்கறி லோடு அடிக்கிற வேலை கிடைத்தது. மினி லாரியை எடுத்துக்கொண்டு மூன்று மணிக்கே கிளம்ப வேண்டும்.

"இனிமே உன்ன யாரு இட்டுகினு போறது? பூத்த என் தம்பிக்கு உட்டுடு. ஊட்ல இரு" என்றார்.

"நானே போறேன்."

"எப்டி போவ?"

"நல்ல லைட்டா ஒண்ணு வாங்கிக் குடுங்க."

"சரி, தை பொறக்கற வரைக்கும் பாக்கலாம். ஒரு தபா எதுனா ஆச்சுன்னாலும் அதோட நிறுத்திக்கணும்" என்றார். சரி என்றேன். அவருக்கு அது ஒரு வேலையை விடுகிற விஷயம். எனக்கு அப்படி இல்லை. ஓரங்கள் சுருங்கிக்கொண்டு வருகிறவளுக்கு, நடக்க முடிகிற வருஷங்கள் எத்தனை என்று தெரியாது. வீட்டில் உட்கார வேண்டிய நாள் தானாக வரும். அதை நானே முன்கூட்டி அழைத்து உட்காரவைக்க மாட்டேன் என்று மட்டும் முடிவாக இருந்தேன்.

அப்படித்தான் மலை வரைக்கும் அடிக்கும் அந்த முதல் லைட் வந்தது. அதைப் போட்டால் எதிரே தட்டு அளவுக்கு ஒரு வெளிச்சம் விழும். அந்தத் தட்டுக்கு வெளியே கும்மிருட்டு. எனக்கு இருப்பதே ஒரு குழாய் வழியாகப் பார்க்கிற பார்வை. அதற்குள்ளே இன்னொரு குழாயைச் செருகினால் என்ன தெரியும்? தூரத்தில் ஒரு வீட்டின் கொடிக்கயிற்றில் காய்கிற துண்டு தெரியும், காலடியில் இருப்பது தெரியாது. மூன்றாம் நாள் பள்ளத்தில் இறங்கிவிட்டேன். முழங்கால் தோல் உரிந்து, இடுப்புவரை சேறு. அப்படியே போய்ப் பூத்தைத் திறந்தேன்.

சாயங்காலம் அவர் முழங்காலைப் பார்த்துவிட்டு, "மலையே தெரியுது அந்த லைட்ல. உனக்குப் பள்ளம் தெரியலியா?" என்றார்.

சேற்றில் கால் வழுக்கியது, அவ்வளவுதான் என்றேன். மனதில் வந்ததைப் பேசியிருந்தால் அன்றைக்கு அடுப்பில் இருந்த குழம்பு அவர் தலையில்தான் இருந்திருக்கும். நல்ல வேளை, அந்த 'ஒரு தபா' கணக்கில் அவர் அதைச் சேர்க்கவில்லை. லைட்டை அவரே எடுத்துக்கொண்டு போய் லாரியில் வைத்துக்கொண்டார்.

எனக்கு என்ன வேண்டும் என்பதை நானே உட்கார்ந்து யோசித்தேன். இரண்டு வேண்டும். கால் வைக்கிற இடம், வலது பக்கம், இடது பக்கம் எல்லாம் தெரிகிற மாதிரி அகலமான வெளிச்சம் ஒன்று. நான் எங்கே இருக்கிறேன், டிரான்ஸ்ஃபார்மர் வந்துவிட்டதா, வளைவு எங்கே, நாய்கள் எந்தப் பக்கம் படுத்திருக்கின்றன என்று தூரத்தில் தேடிப் பார்க்க நீளமான வெளிச்சம் ஒன்று. கடைகளில் கேட்டால், "அகலம் வேணும்னா தூரம் போவாது, தூரம் வேணும்னா அகலம் வராது" என்றார்கள். ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிற என் மகனிடம் ஃபோனில் சொன்னேன். அவன்தான் தேடி ஆன்லைனில் அனுப்பினான். முன்பக்கத்து மூடியைப் பின்னால் தள்ளினால் வெளிச்சம் அகலும். முன்னால் இழுத்தால் ஒடுங்கி நீளும். இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல்தான் இத்தனை பேர் கடை வைத்திருக்கிறார்களா என்று அதற்கும் கோபம் வந்தது.

அன்று பொழுது சாய்ந்ததும் அதை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினேன். அகலமாக வைத்துப் போட்டேன். தண்ணீர்த் தொட்டி, கொடிக்கயிறு, கைப்பிடிச் சுவர், காய வைத்திருந்த வடகம், படிக்கட்டு எல்லாம் இருந்தன. இழுத்தேன். மூன்று தெரு தள்ளிக் கட்டுகிற வீட்டின் சாரம் குச்சி குச்சியாகத் தெரிந்தது. நான் குடியிருக்கிற வீட்டின் மொட்டை மாடியை இருட்டில் நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அழுதேன். அழுது முடித்துவிட்டு வடகத்தை எடுத்து உள்ளே வைத்தேன்.

லைட்டோடு இரண்டு செல் வந்திருந்தன. பழைய டார்ச்சில் போடுகிற செல் மாதிரி இல்லை. அதைவிட நீளம், திரும்பத் திரும்பச் சார்ஜ் போடுகிற வகை. மேலே, சார்ஜ் பிடிக்கிற அளவு ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. "எவ்ளோ பெரிய பேட்டரி பாரும்மா, ஒரு வாரத்துக்குச் சார்ஜே போட வேணாம்" என்றான் மகன். நான் எதையும் நம்பி நம்பி இந்த நிலைக்கு வந்தவள். முழுக்கச் சார்ஜ் ஏற்றி, சமையலறைச் சுவரில் அடித்து வைத்துவிட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்தேன். அரைமணி நேர சீரியல் ஒன்றில் பாதி ஓடுவதற்குள் வெளிச்சம் மங்கி, சட்டென்று அணைந்தது. இரண்டாவது செல்லும் அப்படியே. இருபத்தைந்து நிமிஷ நடைக்கு அது போதாது. போதாது என்பதுகூடப் பரவாயில்லை. நான் சோதித்துப் பார்க்காமல் கிளம்பியிருந்தால் பாதி வழியில் என்ன ஆகியிருப்பேன்? எங்கேயோ உட்கார்ந்துகொண்டு அந்த எண்ணை அச்சடித்தவனுக்கு ஒரு நாளாவது என் கண்ணைக் கொடுத்து எங்கள் ரோட்டில் நடக்கவிட வேண்டும்.

செல்லை மட்டும் எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனேன். மொபைல் சாமான், எல்.இ.டி., வயர் எல்லாம் விற்கிற ஒரு சின்னக் கடை. மாமனார் காலத்திலிருந்து இருக்கிற கடை அது. இப்போது மருமகள் பார்த்துக்கொள்கிறாள். புர்கா போட்ட, முப்பது வயதுக்குள் இருக்கிற பெண். பேச்சில் ஒரு பட்டாசு உண்டு. நான் செல்லை நீட்டியவுடன் அவள் கேட்ட முதல் கேள்வி, "எத்தினி நேரம் எரியணும்க்கா உங்களுக்கு?" என்பது. இத்தனை கடையில் ஒருத்தர்கூட அதைக் கேட்டதில்லை.

"அரைமணிக்குக் கம்மியில்லாம. நடுவுல மங்கக் கூடாது. அணைஞ்சா நான் நின்னுடுவேன், எனக்கு இருட்டுல கண்ணு தெரியாது" என்றேன்.

அவள் ஈரல் சாப்பிடச் சொல்லவில்லை. நகைக்கடையில் இருக்கிற மாதிரி ஒரு குட்டித் தராசை எடுத்து என் செல்லை வைத்தாள். பிறகு அதை எடுத்துவிட்டுத் தன் கடைச் செல் ஒன்றை வைத்தாள். என்னுடையது பாதி எடைதான் இருந்தது.

"ஒன்பதாயிரமாம்! இந்த சைஸுக்குள்ள மூவாயிரத்துச் சொச்சத்துக்கு மேல அடைக்கவே முடியாதுக்கா. நம்பர் ஜாஸ்தியா போட்டிருந்தாலே பொய்யின்னு வச்சிக்கங்க" என்று மேஜை டிராயரைத் திறந்து, பிரித்துப்போட்ட ஒரு செல்லைக் காட்டினாள். வெளியே பெரிய கூடு, உள்ளே விரல் நுனி அளவுக்கு ஒரு செல், மிச்ச இடத்தில் வெள்ளையாக மாவு. கோலமாவு மாதிரி இருந்தது.

"நீங்க இதெல்லாம் பிரிக்காதீங்க, தீப்புடிச்சிக்கும்" என்று சொல்லிவிட்டு எனக்கு இரண்டு செல் எடுத்து வைத்தாள். மேலே இரண்டாயிரத்து அறுநூறு என்று இருந்தது. கம்மியாக இருக்கிறதே என்றேன். "கம்மிதான். ஆனா உள்ள இருக்குது" என்றாள். ஒன்று லைட்டில், ஒன்று கையில் இருக்கட்டும் என்றாள். சாவிக்கொத்தோடு போட்டால் உரசிச் சூடாகிவிடும் என்று ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். "கையில வச்சி எடையப் பழகிக்கங்கக்கா. கண்ணு வேணாம் அதுக்கு" என்றாள். அந்தப் பேச்சில் பரிதாபம் துளிகூட இல்லை. அதற்காகவே அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று.

பொய்ச் செல் இரண்டையும் இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள் என்றாள். நான் விடவில்லை. மகன் வாங்கிக் கொடுத்ததாயிற்றே என்று வீட்டுக்குக் கொண்டுவந்து சமையலறை டிராயரில் போட்டு வைத்தேன். இதைவிடப் பெரிய முட்டாள்தனத்தை அந்த வருஷத்தில் நான் செய்யவில்லை.

கார்த்திகை முழுக்க நான் தனியாக நடந்தேன். மூன்று மணிக்கு அவர் கிளம்பிப் போவார். நாலேகாலுக்கு நான் கதவைப் பூட்டுவேன். அகலமாக வைத்துக்கொண்டு பத்தடி நடப்பேன். நின்று, நீட்டிப் பார்ப்பேன். டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். நாய்களின் கண் இரண்டு இரண்டாக மினுங்கும். மறுபடி அகலமாக்கி நடப்பேன். என் இஷ்டத்துக்கு நிற்பேன். ஒரு நாள் சும்மா நின்று, ஒரு வீட்டுக் காம்பவுண்டில் பூத்திருந்த பவழமல்லியைப் பார்த்தேன். என்னை யாரும் இழுக்கவில்லை.

ஊருக்கு இது பொறுக்கவில்லை. "மூஞ்சில அடிக்காதம்மா" என்பார்கள் நடைப்பயிற்சிக்காரர்கள். தீபத்தை ஒட்டி வந்த பௌர்ணமி அன்று கிரிவலம் வந்தவர்களின் கார்கள் எங்கள் ரோடு வரைக்கும் நின்றிருந்தன. காரில் சாய்ந்திருந்த ஒருவர், "இவ்ளோ நெலா வெளிச்சத்துல டார்ச் எதுக்கு?" என்று சிரித்தார். "உங்களுக்கு நெலா, எனக்கு இது" என்று சொல்லிவிட்டு நடந்தேன். இதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். என் வீட்டுக்காரரிடம் போய், "இன்னாப்பா, பொண்டாட்டிய ராவுல தனியா உட்டுட்டியாமே" என்று கேட்டவர்களைத்தான் மன்னிக்க முடியவில்லை. அவர் தினமும் வந்ததும் வராததுமாக, "ஒண்ணும் ஆவலியே?" என்று கேட்பார். இல்லை என்பேன். அவர் முகத்தில் வந்து போனது நிம்மதிதான் என்று அப்போது நினைத்திருந்தேன்.

மார்கழி பிறந்து சில நாள் ஆகியிருக்கும். டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டி, வளைவுக்கு முன்னால், லைட் அணைந்தது. மங்கவில்லை. ஒரே அடியாக அணைந்தது. அதற்கு முந்தின ராத்திரிதான் சார்ஜ் போட்டிருந்தேன். நான் பயப்படவில்லை. பையில் டப்பா இருக்கிறது, டப்பாவில் இன்னொரு செல் இருக்கிறது. லைட்டின் பின்மூடியைத் திருகி, உள்ளே இருந்ததைக் கையில் கொட்டினேன்.

கனம் இல்லை.

டப்பாவைத் திறந்து அதிலிருந்ததை எடுத்தேன். அதுவும் கனம் இல்லை. இரண்டு உள்ளங்கையிலும் ஒன்று ஒன்றாக வைத்துக்கொண்டு அந்த இருட்டில் நின்றேன். ஒரு செல் மாறியிருந்தால் தவறுதலாக மாறிவிட்டது என்று சொல்லலாம். இரண்டும் மாறியிருந்தன. வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டே பேர்.

டப்பாவில் இருந்ததைப் போட்டுப் பார்த்தேன். அதில் சார்ஜே இல்லை. ஃபோனில் லைட் இருக்கிறதே என்பீர்கள். அதன் வெளிச்சம் எனக்கு என் புடவைக் கரையைக் காட்டும், அவ்வளவுதான். இடது பக்கம் எங்கேயோ பள்ளம் இருந்தது. எத்தனை அடியில் என்று தெரியவில்லை. ஒரு பைக் போனது. நிறுத்தச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அன்றைக்கே ஊர் முழுக்கப் போய்விடும், அவர் நினைத்தது நடந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். எந்தக் கோயிலிலோ ஒலிபெருக்கியில் மார்கழிப் பாட்டு ஆரம்பித்தது. பனி தலையில் இறங்கியது. ஆறு மணிக்கு மேல், வானம் வெளுத்து ரோட்டின் ஓரம் தெரிகிறவரை ஒன்றரை மணி நேரம் நான் அங்கேயே நின்றேன். நிற்க நிற்க எனக்கு ஒன்று மட்டும் தெளிவானது. முப்பது வயதில் டாக்டர் எனக்குச் சொன்ன அந்தக் கடைசி நாள் எப்படி இருக்கும் என்று எனக்குக் காட்டிவிட்டார் என் புருஷன்.

பூத்துக்குப் போனபோது ஒரு டப்பா கவிழ்ந்து, நாய் கடித்த பாக்கெட்டுகளிலிருந்து பால் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. பத்துப் பேர் பையோடு நின்றிருந்தார்கள். "கண்ணு தெரியாதவங்களுக்கெல்லாம் எதுக்குப் பூத்து? எழுதிப் போட்டா வேற ஆளுக்கு மாத்திடுவாங்க" என்றார் தினமும் அரை லிட்டர் வாங்குகிற ஒருவர். அவருக்கும் அரை லிட்டரை எடுத்துக் கொடுத்தேன்.

மத்தியானம் அவர் சாப்பிட உட்கார்ந்தார். சோறு போட்டு, குழம்பு ஊற்றி, தட்டுக்குப் பக்கத்தில் அந்தச் செல் இரண்டையும் வைத்தேன். இது என்ன என்று அவர் கேட்கவில்லை. எனக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

"ஏன்?" என்றேன்.

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "ரெண்டு தபா அணைஞ்சிச்சினா நீயா உட்டுடுவனு நெனச்சேன்" என்றார்.

"நடு ரோட்டுல ஒன்றர மணி நேரம் நின்னேன். பள்ளத்துல உழுந்து செத்திருந்தா?"

"செத்துடுவனுதான் தினம் தினம் நான் செத்துகினு இருக்கேன்! மூணு மணிக்கு வண்டிய எடுத்தா திரும்பி வந்து உன்னக் கண்ணால பாக்கற வரைக்கும் எனக்கு ஸ்டியரிங் தெரியல, ரோடு தெரியல. அது தெரியுமா உனக்கு? ஊரே என்னக் காறித் துப்புது." அவர் கத்தி நான் கேட்டது அந்த இருபத்து நாலு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

"பயமா இருந்தா பயமா இருக்குதுன்னு சொல்லணும். என் கண்ணப் புடுங்கி வச்சிக்கக் கூடாது" என்றேன். நானும் கத்தினேன். "என் செல்லு எங்க?"

எழுந்து போய் லாரியிலிருந்து கொண்டுவந்து கொடுத்தார். கையில் வைத்து எடை பார்த்துத்தான் வாங்கினேன். அவர் முன்னாலேயே பார்த்தேன்.

அவர் கெட்டவர் இல்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் ஆத்திரம் அடங்கவில்லை. கெட்டவர் என்றால் நாலு பேரிடம் சொல்லி அழலாம். நல்லவர் செய்ததை யாரிடம் சொன்னாலும், உன்மேல் எவ்வளவு பாசம் பார் என்பார்கள். அண்ணன் அப்படியேதான் சொன்னான். ஃபோனை வைத்துவிட்டேன். அதன் பிறகு ராத்திரியில் லைட்டையும் டப்பாவையும் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தேன். சொந்த வீட்டில்.

அடுத்த வாரம் அவருக்கு லோடு இல்லாத நாள். விடிகாலையில் நான் கிளம்பும்போது அவரும் எழுந்தார்.

"இன்னிக்கி நான் வரேன்."

"வேணாம்."

"வண்டியில உட்டுட்டு வந்துடறேன்."

"வேணாம்னு சொன்னன்ல."

கதவைச் சாத்திக்கொண்டு நடந்தேன். டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டினேன். நான் போன வாரம் நின்ற இடத்தைத் தாண்டினேன். அப்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. நான் நின்றால் நின்றது, நடந்தால் நடந்தது. இடது செருப்பு கொஞ்சம் தேயும். அந்தத் தேய்ச்சலை எனக்கு எந்தக் கூட்டத்திலும் தெரியும். பின்னாலிருந்து வெளிச்சம் எதுவும் விழவில்லை, அவர் கையில் லைட் இல்லை.

நான் திரும்பினேன். மூடியை முன்னால் இழுத்து, வெளிச்சத்தை முழு நீளத்துக்கு நீட்டி அடித்தேன்.

நூறடி தள்ளி, நடு ரோட்டில், லுங்கியும் தலையில் மஃப்ளருமாக நின்றிருந்தார். வெளிச்சம் கண்ணில் பட்டதும் கையை நெற்றிக்கு மேல் தூக்கிக்கொண்டார். இருட்டில் என் புருஷனை நான் பார்த்ததே இல்லை. கிழவராகியிருந்தார். கன்னம் ஒட்டியிருந்தது. முகத்தில் அப்பட்டமாகப் பயம் இருந்தது. எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார். வெளிச்சத்துக்குப் பின்னால் இருக்கிற என்னை அவருக்குத் தெரியவில்லை.

"நான்தான்" என்றார்.

"தெரியுது" என்றேன்.

நான் கையை இறக்கவில்லை.

"ஊட்டுக்குப் போங்க" என்றேன்.

நெற்றிமேல் இருந்த கையை இறக்கினார். பிறகு திரும்பினார். அவர் நடந்து டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டி மறைகிற வரைக்கும் அவர் முதுகிலிருந்து நான் லைட்டை எடுக்கவில்லை.